ஆளில்லாத நாள் பார்த்து ராட்டினம் ஏறப் போன கதை

முதலில் நான். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அடுத்து என் மனைவி முத்துலட்சுமி. ஸ்ரீவராகத்தில் வீட்டு வேலைக்குப் போகிறவள். மூன்றாவது என் மகள் உமா. அப்போது ஆறாம் வகுப்பு. நான்காவது மைத்துனன் சுடலைமுத்து, கொத்தனார். (அவனை யாரும் கூப்பிடவில்லை. வந்தான்.)

அன்றைக்கு அந்தத் தீம் பார்க்குக்கு வந்தவர்கள் இவ்வளவுதான். வேறு ஒரு ஈ காக்கை இல்லை. அதற்குக் காரணம் என் மூளை.

முத்துலட்சுமி எதுவும் கேட்கிறவள் இல்லை. கல்யாணமாகி அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஊருக்கு வெளியே புதிதாக வந்திருந்த பார்க்கில் பெரிய ராட்டினத்தில் ஒரு தடவை உட்கார வேண்டும். அவள் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் போய் வந்து, உச்சியிலிருந்து கடல் தெரிந்தது என்று சொல்லுமாம். இவள் சோப்புக் கையோடு கேட்டுக்கொண்டு நிற்பாளாம்.

நாள் பார்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஹோட்டல்காரனுக்குக் கூட்டத்தைப் பற்றித் தெரியாதா? ஓணம் கூடாது, கூட்டம். கிறிஸ்துமஸ், அதைவிடக் கூட்டம். கோடை லீவில் வரிசையில் நின்றே வெந்துவிடுவோம். யோசித்து யோசித்து ஆடி அமாவாசையைப் பிடித்தேன். இங்கே மலையாளத்தில் கர்க்கடக வாவு என்பார்கள். முன்னோருக்குப் பலி (நம் தர்ப்பணம்தான்) போட ஊரே சங்குமுகம் கடற்கரையில் நிற்கும். பள்ளிக்கூடம் லீவு. அன்று இறைச்சி தின்ன ஆள் வராது என்று முதலாளியும் கடையைப் பூட்டிவிடுவார். உமாவுக்கும் எனக்கும் சேர்ந்து கிடைக்கிற லீவு வருடத்தில் அது ஒன்றுதான். எங்கள் வீட்டுத் தர்ப்பணத்தை ஊரில் அண்ணன் கொடுத்துவிடுவான்.

"அமாவாசையும் அதுவுமா ராட்டினமா?" என்றாள் முத்துலட்சுமி.

"வரிசையே இருக்காது."

"மழைங்க."

"தண்ணியில விளையாடத்தானே போறோம்?"

பஸ் எல்லாம் கடற்கரைக்கு ஸ்பெஷல் ஓடப் போய்விட்டது. நின்று நின்று, நனைந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். டிக்கெட் கொடுக்கும் பெண் எங்களைப் பார்த்து, "இங்ஙோட்டுத் தானா?" என்று கேட்டாள். வழி தவறி வந்தவர்கள் என்று நினைத்திருக்கிறாள்.

"அப்பா, இவிடெ ஆருமே இல்லல்லோ!" என்றாள் உமா.

"பாத்தியா?" என்றேன். நெஞ்சு அந்தப் பார்க் அகலத்துக்கு விரிந்திருந்தது.

சுடலைமுத்து நீச்சல் குளத்தில் இறங்கி, குளிரில் நீலமாகக் கரையேறினான். நாங்கள் நேரே ராட்டினத்துக்குப் போனோம். மழை விட்டிருந்தது. ஆபரேட்டர் எங்களை எண்ணினான். எங்களுக்குப் பின்னால் பார்த்தான். பின்னால் மரம்தான் நின்றது.

"அண்ணாச்சி, ஆளு தெகையாம ஓட்டப் பற்றில்ல, முடியாது. சரிசமமா ஆள் இருக்கணும். பன்னிரண்டு பேராவது வேணம்."

"கூட்டம் எப்ப வரும்?"

"இன்னைக்கா? வாவு அல்லே? ஆரு வரும்?"

முத்துலட்சுமி ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். இன்றைக்கு விட்டால் அடுத்த ஆடிதான்.

"அத்தான், வரிசை ரொம்ப நீளமா இருக்கு. பின்னால போயி நில்லுங்க" என்றான் சுடலைமுத்து.

நான் குடையோடு கேட்டுக்குப் போனேன். ஆள் பிடிக்க. ரோட்டில் இரண்டு பேர் பலி போட்டுவிட்டு ஈர வேட்டியோடு வந்தார்கள். பழக்க தோஷத்தில் வாய் தானாகக் கூவியது. "வாங்க, வாங்க! உள்ள இடமிருக்கு! சூடா இருக்கு!"

பெரியவர் நின்றார். நெற்றியில் சந்தனம். "அப்பனுக்குப் பலியிட்டிட்டு வாறேன், மோனே" என்று மட்டும் சொன்னார். குடையை முகத்துக்கு முன்னால் சாய்த்துக்கொண்டு திரும்பினேன்.

திரும்பி வந்தால் பெஞ்சில் முத்துலட்சுமிக்குப் பக்கத்தில் பெருக்குகிற அம்மா ஒருத்தி. பெயர் மரியம்மா. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் வேலை போய் இறங்கி வந்தவள். நம் பாஷைதான்.

"ரெண்டு வருசமா இதுக்கடியில கூட்டுறேன் அக்கா. ஒரு நாளும் ஏறினதில்ல" என்றாள். துடைப்பத்தைக் கீழே போட்டாள். "ஏய், வாங்கடி எல்லாரும்!"

கூட்டுகிற இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். கேன்டீனிலிருந்து இருவர் கை துடைத்துக்கொண்டு வந்தார்கள். தோட்டக்காரர் வந்தார். டிக்கெட் பெண் கவுண்டரைப் பூட்டிவிட்டு ஓடி வந்தாள். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். ஆபரேட்டர் எண்ணினான். "பதினொண்ணு. ஒராள் குறவு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு உயரம் ஆகாது. கீழே நின்று செருப்பைப் பார்த்துக்கொள்வதாகத்தான் என் திட்டம். (இதை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.)

"அத்தான் செருப்புக்குக் காவலாம்!" என்றான் சுடலைமுத்து.

"ஏறுங்க" என்றாள் முத்துலட்சுமி. அன்றைக்கு அவள் என்னிடம் சொன்ன முதல் கோபமான வார்த்தை. ஏறினேன்.

மேலே போனதும் கண்ணை மூடிவிட்டேன். "எம்மா" என்று நான் கத்தியது கேன்டீன் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. யாருடைய கையையோ இறுக்கிப் பிடித்திருந்தேன். கீழே வந்துதான் பார்த்தேன். வாட்ச்மேன். பாவம், கையை உதறிக்கொண்டே போனார். எனக்கு மேல் தொட்டியில் முத்துலட்சுமியும் மரியம்மாவும் சிரித்த சிரிப்பு மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அவள் அப்படிச் சிரிப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் ஸ்ரீவராகத்தில் போய், "கடல் தெரிஞ்சுச்சு" என்று சொல்லியிருக்கிறாள். அந்த மூட்டத்தில் பக்கத்துத் தென்னைமரமே தெரிந்திருக்காது. நான் மறுக்கவில்லை. கண்ணை மூடியிருந்தவன் என்ன சாட்சி சொல்வது?

அந்தப் பன்னிரண்டு பேரில் எங்களைத் தவிர்த்து யாருக்கும் ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. ஏறினார்கள். அவர்களை நினைக்காமல் எனக்கு ஒரு ஆடியும் போவதில்லை.

வீட்டில் நாள் குறிக்கும் உரிமை எனக்கு அன்றோடு போய்விட்டது. உமாவுக்குக் கல்யாணம் பேசியபோது நான் காலண்டரை எடுத்தேன். "அப்பா கையிலேர்ந்து அதை வாங்குங்கோ, ஆளு வராது!" என்று அவளே கத்தினாள். ஆவணியில், மண்டபமே கிடைக்காத முகூர்த்தத்தில் முத்துலட்சுமி நாள் வைத்தாள். போன இடமெல்லாம் அவளே பத்திரிகை வைத்தாள். இலை போட்டது நான்.

அறுநூற்று நாற்பது இலை.