ஈசான மூலைக்கு ஓடாத தண்ணீர்

தண்ணீர் வடகிழக்குப் பக்கமாகத்தான் ஓடவேண்டும் என்று கேதீஸ்வரன் முடிவெடுத்துவிட்டான். தண்ணீரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்சாதியையும் கேட்கவில்லை.

புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் ஓரம், பிளாட் புஷ்ஷில் புதிதாகப் பிரித்து விற்ற காணியில் ஒரு துண்டை இருவர் பெயரிலும் வாங்கி ஐந்து மாதம். வீட்டுப் படம் நகர கவுன்சிலுக்குப் போய்விட்டது. பெர்மிட் கிடைப்பதற்கு இன்னொரு பிளானும் கொடுக்கவேண்டும். நிலம் எங்கே உயருது, எங்கே பதியுது, மண்ணை எங்கே வெட்டி எங்கே நிரப்பப் போகிறீர்கள், கூரைத் தண்ணீரும் கழிவுத் தண்ணீரும் எந்தக் குழாயால் எங்கே போய்ச் சேரும், இவ்வளவும் அதில் இருக்கவேண்டும். அதற்கு ஓர் ஆளைப் பிடிப்போம் என்றாள் இராசமலர். கேதீஸ்வரன் சிரித்தான். ஊரில் றோட்டு இலாகாவில் எட்டு மாதம் படம் கீறிய கை இது. இப்போது ஈஸ்ட் டாமாக்கியில் பிஸ்கற் பெட்டி ஒட்டுகிற மெஷினோடு மல்லுக்கட்டினாலும் கை அதே கைதானே.

கை கீறியது. சாத்திரம் சொல்லிக்கொடுத்தது. சான்ட்ரிங்ஹாமில் இருக்கிற சோதிலிங்கத்தார் பகலில் தபால் பிரிக்கிறவர், மற்ற நேரத்தில் மனையடி சாத்திரம் பார்க்கிறவர். "தம்பி, ஈசான மூலைக்குத் தண்ணி ஓடோணும். அக்கினி மூலையிலை அடுப்பு எரியோணும்" என்று போனில் சொன்னார். அவ்வளவுதான். பிளானில் இருந்த அம்புக்குறியெல்லாம் வடகிழக்கைப் பார்த்துத் திரும்பின. குசினி தென்கிழக்கில் போய் உட்கார்ந்தது.

சனிக்கிழமை தபாலில் கவுன்சிலின் கடிதம் வந்தது. மிக மரியாதையான கடிதம். உங்கள் பிளானின்படி மழைத்தண்ணீர் ஒரு மீற்றர் மேடு ஏறி, பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டிப் போகிறது, அது எப்படி என்று விளக்கினால் நன்று என்றிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்குள் திருத்திய பிளான் வராவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவோம் என்றும் இருந்தது.

"என்னவாம்?" என்றாள் இராசமலர். நாலு வயது மகள் கஜந்தினியின் நெஞ்சில் விக்ஸ் பூசிக்கொண்டிருந்தாள். வாடகை வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சணம். பிள்ளைக்கு மூன்று மாதமாக இருமல்.

"உவங்களுக்குச் சாத்திரம் விளங்கேல்லை."

"தண்ணி மேட்டிலை ஏறாதெண்டு எழுதியிருக்கோ?"

"நீர் எப்ப வாசிச்சனீர்?"

"நான் கடிதத்தை வாசிக்கேல்லை. காணியைப் பாத்தனான்."

கேதீஸ்வரன் பென்சிலை எடுத்தான். "அதுக்கென்ன. தென்கிழக்கிலை மண் கொட்டி உயர்த்துவம். பிறகு தண்ணி தன்ரை பாட்டிலை ஈசானத்துக்குப் போகும்."

"எத்தினை லொறி மண்?"

"ஒரு இருபது."

"றோட்டுக் குழாய் தென்கிழக்கிலையெல்லோ கிடக்கு. அதையும் லொறியிலை ஏத்தி இஞ்சாலை கொண்டு வருவியளோ?"

"நீர் சும்மா இரும்."

அவள் விக்ஸ் போத்தலை மூடினாள்.

"இஞ்சேருங்கோ. வீட்டுக்காரன் இந்த வீட்டை வித்துப்போட்டான். இன்னும் நாலு மாசத்திலை விட்டு எழும்போணும். டேவ் என்ன சொன்னவன்?"

டேவ் வீடு கட்டுகிற மேசன். வெள்ளிக்கிழமை பெர்மிட் சரிவந்தால் அடுத்த கிழமை அத்திவாரம் வெட்டுவேன், இல்லாவிட்டால் ஹமில்டனில் வேறு வேலை, மாரி முடியத்தான் திரும்புவேன் என்று சொல்லியிருந்தான். கேதீஸ்வரன் பிளானை மேசையில் விரித்தான்.

"பிளானை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றான். அன்றைக்கே இருபது லொறி மண்ணைப் பென்சிலால் கொட்டி, உயரக் கணக்கையெல்லாம் மாற்றி எழுதினான்.

"குசினியையாவது வடகிழக்கிலை வைச்சா என்ன? காலமை வெய்யில் விழும். பிள்ளை காஞ்ச இடத்திலை இருக்கும்."

"ஈசானத்திலை அடுப்போ? குடும்பம் எரியும்."

"இப்ப குடும்பம் ஊறுது" என்றாள் இராசமலர்.

ஞாயிற்றுக்கிழமை அவள் காணிக்குப் போகவேண்டும் என்றாள். போனால், அவள் கையில் உள்ளே இருப்பது தெரிகிற நீளமான ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் குங்குமம் கரைத்த தண்ணீர். ஒரு நுனியை அவனிடம் கொடுத்தாள். "பிடியுங்கோ. ஆட்டாதேங்கோ. ஊரிலை மேசன்மார் இப்பிடித்தான் மட்டம் பிடிக்கிறவை." அவள் மற்ற நுனியோடு மூலைக்கு மூலை நடந்தாள். சிவப்புத் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்க, தரைக்கும் அதற்கும் இடையை அளந்து, மகளின் கீறுகிற கொப்பியில் கிறேயோனால் எழுதிக்கொண்டாள்.

"என்ன, தாயும் மகளும் படம் கீறுறியளோ?" என்று கேட்டான் கேதீஸ்வரன்.

"ஓமப்பா. பொழுதுபோக்கு."

திங்கட்கிழமை வேலையால் வந்தால் வீடெல்லாம் எண்ணெய் மணம். தட்டையாய், கடித்தால் நொறுங்குகிற பருத்தித்துறை வடை சுட்டு, பெரிய மைலோத் தகரம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவனுக்கு நாலு வடை கிடைத்தது.

"மிச்சம் ஆருக்கு?"

"பிள்ளையின்ரை பிளே சென்டருக்கு."

"நாலு வயசுப் பிள்ளையளோ உந்த வடையைக் கடிக்கிறது? பல்லுப் போகும்."

"இஞ்சத்தைப் பிள்ளையளுக்குப் பல்லு நல்லம்."

செவ்வாய்க்கிழமை தகரமும் பிள்ளையுமாக பஸ் எடுத்தாள். எங்கே என்று கேட்டதற்கு, "பிள்ளையின்ரை இருமல் அலுவலாப் போட்டு வாறன்" என்றாள். வந்தபோது மருந்துப் போத்தல் ஒன்றையும் காணவில்லை. கேதீஸ்வரன் கவனிக்கவில்லை. கவுன்சில் இன்ஜினியருக்கு ஈசான மூலையை விளக்கி ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். இரண்டு பக்கம் எழுதியும் தண்ணீர் மேட்டில் ஏற மறுத்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

புதன்கிழமை பின்னேரம் சோதிலிங்கத்தார் தானே போன் எடுத்தார். குரல் கனமாக இருந்தது. வாயில் ஏதோ நொறுங்குகிற சத்தமும் கேட்டது.

"தம்பி, ஒரு விசயம் யோசிச்சனான். ஊரிலை சூரியன் எந்தப் பக்கத்தாலை சாஞ்சு போறவர்?"

"தெற்காலை."

"இஞ்சை?"

கேதீஸ்வரன் யன்னலைப் பார்த்தான். "வடக்காலை."

"இது பூமியின்ரை கீழ்ப்பாதியெல்லோ. அப்ப சாத்திரத்திலை வடக்கெண்டு கிடக்கிறதெல்லாம் இஞ்சை தெற்கு. கிழக்கு மாறாது. இனி நீர் யோசியும்."

யோசித்தான். அப்படியென்றால் ஈசான மூலை தென்கிழக்கு. அக்கினி மூலை வடகிழக்கு. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடலாம். அடுப்பு வெய்யிலில் எரியலாம். கேதீஸ்வரன் குசினிக்குள் ஓடிப்போய் இதைத் தானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னான். சோதிலிங்கத்தாரின் பெயர் எப்படியோ தவறிவிட்டது.

இராசமலர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு உதுகள் விளங்காதப்பா. நீங்கள் சொன்னாச் சரி."

கல்யாணமாகி எட்டு வருடத்தில் இந்த வசனத்தை அவன் இன்றைக்குத்தான் கேட்கிறான். அப்போதாவது சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

வியாழக்கிழமை லீவு போட்டு அம்புக்குறிகளையெல்லாம் அழித்துத் தென்கிழக்குக்குத் திருப்பினான். குசினியைத் தூக்கி வடகிழக்கில் வைத்தான். வெள்ளிக்கிழமை வேலையால் நேரே கவுன்சிலுக்குப் புறப்பட்டான். மோட்டர்வேயில் வண்டிகள் ஆமைபோல நகர்ந்தன. அதை விட்டு இறங்கியபின் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் டேவ் ஹமில்டனுக்கு ஒரு மைல் கிட்டப் போனான். கவுண்டரை அடைந்தபோது மணி நாலு பதினாலு.

கண்ணாடி போட்ட பெண் பிளானை விரித்தாள். விரலால் ஓர் அம்பைத் தொடர்ந்தாள். விரல் நின்றது.

"அம்புகள் தென்கிழக்கே போகின்றன. நல்லது. ஆனால் உங்கள் உயரக் கணக்கில் தென்கிழக்கு இப்போது மேடாக இருக்கிறதே."

இருபது லொறி மண். பென்சிலால் கொட்டிய மண்ணை அள்ள மறந்துபோனான். ஒரே காணியில், ஒரே பிளானில், இரண்டு திசையிலும் தண்ணீரை மேட்டில் ஏற்றிய மனிதன் அந்தக் கவுன்சிலில் அவன் ஒருவன்தான்.

"திருத்தித் தரலாமா?" என்றான்.

"பதினைந்து நிமிடத்திலா?" அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பின்னால் யாரோ விளக்குகளை அணைக்கத் தொடங்கியிருந்தார்கள். கேதீஸ்வரனுக்குச் சுவரிலிருந்த பூஞ்சணம் கண்ணுக்குள் வந்தது. பிள்ளையின் இருமல் காதில் கேட்டது. ஒரு மாரிகாலம் முழுக்க இனி எங்கே போவது?

அவள் பிளானின் மூலையில் இருந்த பெயரை வாசித்தாள். "ஓ, நீங்கள்தானா அவர்?" என்று மேசை லாச்சியைத் திறந்தாள்.

கேக் சுடுகிற தாளில் பிரதியெடுத்த ஒரு பிளான் வெளியே வந்தது. ஓரத்தில் மஞ்சள் கறை. மழைத்தண்ணீர்க் குழாய் நீலக் கிறேயோன், கழிவுக் குழாய் மண்ணிறக் கிறேயோன். மூலைக்கு மூலை உயரக் கணக்கு. குசினி வடகிழக்கில். செவ்வாய்க்கிழமைத் திகதி போட்ட முத்திரை. கீழே இரண்டு கையெழுத்துக் கட்டங்கள். ஒன்றில் தமிழில் இராசமலர். வரைந்தவர் என்ற இடத்தில் அவன் பெயர்.

"இன்ஜினியர் பார்த்துச் சரி சொல்லிவிட்டார். அழகாக அளந்திருக்கிறீர்கள். மற்ற உரிமையாளரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. உங்களுக்குப் போன் பண்ணவா என்று மனைவியைக் கேட்டேன். வேண்டாம், வெள்ளிக்கிழமை தானாக வருவார் என்றார்."

கேதீஸ்வரன் பேனையை வாங்கித் தானாகவே கையெழுத்துப் போட்டான்.

திரும்பி வரும்போது மனதைத் தேற்றிக்கொண்டான். பிளான் அவளுடையது, சரி. ஆனால் சாத்திரம் தோற்கவில்லை. அது தானாகத் திரும்பி வழி விட்டது. அதில் அவளுக்குப் பங்கில்லை. இனி மிஞ்சியிருப்பது வாசல் கதவு. அதை அவள் றோட்டுப் பக்கம் கேட்கிறாள். முடியாது. சாத்திரப்படி, அவன் சொன்ன பக்கம்தான்.

வீட்டுக்குள் வந்தான். இராசமலர் மைலோத் தகரம் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பிளே சென்டரிலை வடை முடிஞ்சுதோ?" என்று கேட்டான்.

"சோதிலிங்கண்ணை இப்பதான் தந்திட்டுப் போறார். வாசல் கதவுக்கும் சாத்திரம் பாக்கோணுமெண்டா இன்னொரு தகரம் வேணுமாம்."