கைடு அண்ணாச்சி வெள்ளையடித்த சுவர்

எங்கள் ஊருக்கு வந்த எவரும் ஊரைச் சுற்றிப் பார்க்காமல் திரும்பியதில்லை. பார்க்க விருப்பமில்லாதவர்களையும் கைடு அண்ணாச்சி விட்டதில்லை.

பஞ்சாயத்தில் அவருக்குக் குழாய்த் தண்ணீர் திறந்துவிடும் வேலை. வெளியூர்க் கார் ஒன்று தேர்போல ஆடிக்கொண்டு மணலில் இறங்கினால் போதும், வேலையை மறந்து அதன் பின்னால் ஓடிவிடுவார். "ஏளா, காரு வந்துட்டு. இன்னைக்குத் தண்ணி வராது" என்று பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

கடலை ஒட்டி ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு. அதன் அருமை தெரிய வேண்டுமென்று, முதலில் ஒரு வாய் கடல் தண்ணீரைக் குடிக்க வைப்பார். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தைக் கிணறு, குகை, மலைமேல் மாதா கோவில், மணல்மேடு என்று நடத்திவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் பெண் வீட்டில் விட்டார். உட்கார இடம் கிடைத்த மகிழ்ச்சியில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காமலே சம்மதம் சொன்னார்.

எழுபதுகளில் ஒரு நாள், மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்தது. ஊர் அவருக்குப் பிடித்தால் சுற்றுலாப் பட்டியலில் சேரும், தங்கும் விடுதி வரும். சுற்றிக் காட்டும் வேலையை அண்ணாச்சிக்கே தருவதாகப் பஞ்சாயத்துத் தலைவர் சொல்லியிருந்தார். அண்ணாச்சிக்குத் தூக்கம் போயிற்று. மணல்மேட்டில் முன்பு சரக்கு அடைத்துவைத்த பழைய கிட்டங்கி ஒன்றின் கறுத்த சுவர் மட்டும் நின்றது. ஊர் அழகைக் கெடுக்கிறதென்று, தானே சுண்ணாம்பு கலக்கி அதற்கு வெள்ளையடித்தார்.

மீன்பிடிக்கப் போகும் எங்கள் பிழைப்பு அந்தச் சுவரில் இருந்தது. மலைக்கோவில் சிலுவையும் அந்தக் கறுப்புச் சுவரும் ஒரே கோட்டில் வந்தால், வள்ளத்துக்கு அடியில் மீன் கூடும் பாறை இருக்கிறதென்று அர்த்தம். வெள்ளை மணலில் வெள்ளைச் சுவர் காணாமல் போயிற்று. மூன்று நாள் வெறும் வலையோடு கரைக்கு வந்தோம். மற்றவர்கள் போனால் அடிதடியாகும் என்று, வாய் திறக்காத என்னை அண்ணாச்சியிடம் அனுப்பினார்கள்.

அன்று காலைதான் அதிகாரி வருவதாக இருந்தது. அண்ணாச்சி சலவைச் சட்டையில் நின்றார். எதிரில் போய் நின்று சொன்னேன்.

"அண்ணாச்சி, செவரு தெரிய மாட்டேங்கு."

"பளிச்சுன்னு தெரியுதேலே?"

"கடல்ல இருந்து தெரியல. பாறையக் கண்டுபிடிக்க முடியல. மூணு நாளா அடுப்பெரியல."

அவர் முகம் சுண்டிவிட்டது. வள்ளத்துக்குப் பூசும் தாரைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு மணல்மேட்டுக்கு நடந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பாதிச் சுவர் கறுத்தபோது ஜீப் வந்தது. தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நல்ல சுவரை ஏன் அசிங்கம் பண்ணுகிறாய் என்று அதிகாரி கேட்டார்.

"ஐயா, இது கடல்ல நிக்கவன் பாக்குத செவரு. நீங்க போய்க் கோவிலப் பாருங்க. நான் முடிச்சிட்டு வாரேன்."

கூட்டிப்போக ஆளில்லாத அதிகாரி கோவிலை மட்டும் பார்த்தார், இளநீர் குடித்தார், அரை மணி நேரத்தில் போய்விட்டார். பட்டியலில் எங்கள் ஊர் வரவில்லை. விடுதியும் வரவில்லை, வேலையும் வரவில்லை.

மறுநாள் வள்ளம் நிறைய மீனோடு திரும்பினோம். அண்ணாச்சி கரையில் நின்றார். விரல்களில் தார் போகவில்லை.

"செவரு தெரிஞ்சுதாலே?"

"தெரிஞ்சுது, அண்ணாச்சி."

கொஞ்சம் தயங்கிவிட்டு, "தூரத்துல இருந்து பாக்க எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அதுவரை அந்தச் சுவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"நம்ம ஊர்ல அதான் அழகு, அண்ணாச்சி" என்றேன்.