பொம்மைகள் குளிர்காய ஒரு நெருப்பு

"நான் உயிரோட இருக்குமட்டும் இந்தக் கூரையில ஓட்டை விழாது" என்று தச்சர் அத்தாஉல்லா சொன்னது கற்பிட்டியில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். சொன்னது என்னவோ பொஞ்சாதியிடம் மட்டும்தான். ஆனால் அவர் சொன்ன சத்தத்துக்குக் களப்புத் தண்ணிக்கு அந்தப் பக்கம் புத்தளத்திலும் கேட்டிருக்கும்.

அவரைச் சும்மா குறை சொல்லவும் ஏலாது. பக்கத்து வீட்டு ஜபார் போன வருசம் குசினிக்குப் புகைக்கூடு வைக்கிறேன் என்று கூரையைப் பிளந்தார். முதல் மழையே நேராக அடுப்பில் கொதித்த மீன் ஆணச் சட்டிக்குள் இறங்கியது. ஜபார் வீட்டு மீன் அன்றைக்குத் திரும்பவும் நீந்தப் பார்த்ததாக ஊரில் ஒரு கதை. அதைக் கேட்டதிலிருந்துதான் அத்தாஉல்லா கூரையைக் குமர்ப்பிள்ளையைக் காப்பது போலக் காத்து வந்தார்.

கூரைக்குக் கீழே இருந்தவள் அவருடைய பொஞ்சாதி ஸுலைஹா. அவளுக்கு வெங்காயம் உரித்தாலும் கண்ணீர், உரிக்காவிட்டாலும் கண்ணீர். வீட்டில் காஸ் அடுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் காஸில் ஆக்கிய மீன் ஆணம் அத்தாஉல்லாவின் நாக்குக்குப் பிடிக்காது. மண்சட்டி வேண்டும், சிரட்டை நெருப்பு வேண்டும், மெல்லிய புகை வாசம் வேண்டும். வாசம் அவருக்கு, புகை அவளுக்கு. இப்படி ஒரு பங்கு பிரிப்பில் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

"இஞ்ச பாருங்க, ஒரு புகைக்கூடு வெச்சுத் தாங்களேன்."

"கூரையில ஓட்டை விழாது."

"ஊருக்கெல்லாம் கூரை போடுறீங்க."

"அதான் சொல்றன். கூரையப் பத்தி எனக்குத் தெரியும்."

"புகையப் பத்தி எனக்குத் தெரியும்."

"அப்ப சரி. நீ புகையப் பாத்துக்க, நான் கூரையப் பாத்துக்கிறன்."

ஸுலைஹா வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடினால் அடுத்து எங்கே கையை வைக்கப் போகிறாள் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். இத்தனை வருசம் குடும்பம் நடத்தியும் அந்தப் புத்தி மட்டும் அத்தாஉல்லாவுக்கு வரவில்லை. வாதத்தில் வென்றுவிட்டோம் என்று நினைத்து ஒரு பிளேன்ரீ கேட்டார். அதுவும் வந்தது.

இந்த நேரத்தில்தான் இசபெல் வந்தாள். சிலாபத்துக்காரி. வெள்ளைக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுகிற பக்கம் கைப்பணிப் பொருள் கடை வைத்திருக்கிறாள். அவளுக்கு அத்தாஉல்லா பொம்மை வீடு செய்து கொடுப்பார். கதவு திறக்கும், ஜன்னல் மூடும், உள்ளே தீப்பெட்டி அளவில் அலுமாரி, அதில் துணி மாட்ட ஆணி. அந்த வேலையில் அவருக்கு உண்மையாகவே ஒரு பெருமை இருந்தது. ஊர் வேலைக்குக் கூலி கிடைக்கும். பொம்மை வீட்டைப் பார்த்துத்தான் மனிதர்கள் ஒரு நிமிசம் பேசாமல் நிற்பார்கள். அந்த ஒரு நிமிசத்துக்காக அவர் சோறு தண்ணி இல்லாமல் இருப்பார்.

இசபெல் வழக்கம் போல முதலில் குசினிக்குள் போய் ஸுலைஹாவோடு கதைத்தாள். கண் சிவந்து வெளியே வந்தாள்.

"நானா, இந்தத் தரம் ஒரு ஸ்பெஷல் வேலை. வெள்ளைக்காரர் ஒருத்தர்ட மகளுக்கு. வீட்டுக்குள்ள பயர்பிளேஸ் வேணும்."

"அப்பிடியெண்டா?"

"வீட்டுக்குள்ள நெருப்பு எரியிற இடம். நெருப்பு நிசம் மாதிரி இருக்கோணும். நல்லா வந்தா இனி எல்லா வீடும் உங்களுக்குத்தான். வராட்டி நீர்கொழும்புல ஒரு தச்சு பாஸ் இருக்கார், அவரிட்டக் குடுக்கவேண்டி வரும்."

நீர்கொழும்பு பாஸ் யார் என்று அத்தாஉல்லாவுக்குத் தெரியாது. அந்த நிமிசத்திலிருந்து அவரைப் பிடிக்கவும் இல்லை.

வீட்டுக்குள் நெருப்பு எரிகிற இடம். அதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தார். நாலு நாளில் செய்து முடித்தார். இசபெல் வந்து பொம்மை வீட்டின் முன்கதவைத் திறந்தாள். விருந்தினர் அறையில், மெத்தைக் கதிரைகளுக்கு நடுவே, மூன்று கல் அடுப்பு. அதன் மேல் கொட்டைப்பாக்கு அளவில் சோற்றுச் சட்டி. பக்கத்தில் தேங்காய் திருவலை.

இசபெல் சிரித்த சிரிப்பில் அவளுடைய மூக்குக்கண்ணாடி கழன்றது.

"நானா, எந்த வெள்ளைக்காரன் விருந்தாளிக்கு முன்னால சோறு வடிக்கிறான்? இது சமைக்க இல்ல. குளிருக்கு முன்னால குந்திக்கிட்டுப் பாக்க."

"நெருப்பைச் சும்மா பாக்கவா?"

"சும்மா பாக்கத்தான்."

கற்பிட்டி வெயிலில் பிறந்து வளர்ந்த மனிதனுக்கு இதை நம்பக் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் சுவரோடு ஒட்டி ஒரு மாடம் செதுக்கினார், மேலே குட்டிப் புகைக்கூடு வைத்தார். டொபி சுற்றுகிற சிவப்புத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, அடியில் டோர்ச் பல்ப் ஒன்றைப் பற்றவைத்தார். அவருடைய கண்ணுக்கு அது எரிந்தது.

இசபெல் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

"நெருப்பு படுத்துக் கிடக்குது நானா. புகைக்கூடு இழுக்கிற நெருப்பு எழும்பி நிக்கோணும். எனக்கு வாற கிழமைக்குள்ள வேணும்."

அவள் போன பிறகு அத்தாஉல்லா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். ஸுலைஹா பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க நெருப்புப் பாத்திருக்கீங்களா?"

"என்ன கதை இது? நெருப்புப் பாக்காத மனிசனா?"

"நீங்க பாத்தது எங்கட அடுப்ப. அது புகையோட மல்லுக்கட்டிக்கிட்டுப் படுத்துக் கிடக்கிற நெருப்பு. அதப் பாத்துச் செஞ்சா படுத்துத்தான் கிடக்கும். எழும்பி நிக்கிறத நமக்கு யார் காட்டப்போறாங்க? விட்டிருங்க. நீர்கொழும்பு பாஸ் பாத்திருப்பார்."

அந்தக் கடைசிச் சொல் போய்க் குத்த வேண்டிய இடத்தில் குத்தியது. அன்று பின்னேரமே அத்தாஉல்லா கல்லும் சீமெந்தும் இறக்கினார். பெரிசாக ஒன்று கட்டி, நிசமாக எரித்து, நெருப்பு எப்படி நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுச் சின்னதில் செய்வது என்று முடிவு. தன் மூளையை நினைத்து அவருக்கே வியப்பாக இருந்தது. முதலில் முற்றத்தில் கட்டினார். ஜபார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான் இது?"

"நெருப்புப் படிக்கிறன்."

"இந்த வயசிலயா?"

கச்சான் காற்று வீசுகிற காலம். வெள்ளைக்காரர் கடல் தாண்டி வருவதே அந்தக் காற்றுக்காக. அத்தாஉல்லாவின் நெருப்பு அதற்கு முன்னால் ஒரு கணமும் நிற்கவில்லை. சாம்பல் முழுவதும் வேலி தாண்டிப் போய், ஜபார் ஜும்ஆவுக்கு உடுக்கக் காயப்போட்ட வெள்ளைச் சாரத்தில் குந்திக்கொண்டது. ஜபார் அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை, நேராகவே வந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே வீட்டுக்குள்தான் கட்ட வேண்டும். மற்ற அறைகளுக்குப் பலகைத் தட்டிதான். கல்லுச் சுவர் இருந்தது குசினிக்கு மட்டும். அத்தாஉல்லா சீமெந்து பூசுகிற கரண்டியோடு குசினி வாசலுக்கு வந்தார். ஸுலைஹா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மறித்தாள்.

"என்ட குசினியில கை வெக்க விடமாட்டன்."

"யார்ட வீடு இது?"

"வீடு உங்கட. குசினி என்ட."

"சுவர்?"

ஸுலைஹா கொஞ்சம் தடுமாறினாள். "சுவர் உங்கடதான்."

"அப்ப கதை முடிஞ்சுது, தள்ளு."

"கூரை?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். "ஓட்டை விழாது எண்டீங்களே."

அத்தாஉல்லா கரண்டியை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அது வேற. அது குடும்பத்துக்கு வெட்டுற ஓட்டை. இது தொழிலுக்கு வெட்டுற ஓட்டை."

இதற்கு மேல் ஒரு பெண்பிள்ளை என்ன பேச முடியும்? ஒதுங்கி நின்றாள். நின்றவள் சும்மாவும் நிற்கவில்லை.

"கட்டுறது கட்டுறீங்க, சின்னதாக் கட்டுங்க. ரெண்டு சட்டி அகலத்துக்கு மேல போனா எனக்கு நடக்க இடமில்லாமப் போயிரும்."

அத்தாஉல்லா மூன்று சட்டி அகலத்துக்குக் கட்டினார்.

"உயரமாக் கட்டிராதீங்க. குனிஞ்சு பழகின முதுகு எனக்கு."

இடுப்பளவுக்கு உயர்த்தினார்.

"ஜபார் நானா வீடு மாதிரி ஒழுகப்போகுது. அவராவது தச்சு படிக்காத ஆள். நீங்க படிச்சும் ஒழுகினாத்தான் வெக்கம்."

இது போதாதா? கூரை ஓடுகளைக் கழற்றி, தகரத்தை மடித்துச் சொருகி, தார் பூசி, மேலே ஒரு தொப்பியும் போட்டார். பிறகு நாலு வாளித் தண்ணீரைக் கூரைக்கு மேல் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கோபம் ஆறாமல் இருந்த ஜபாரே வந்து அண்ணாந்து பார்த்து, திறந்த வாயை மூட மறந்துபோய் நின்றார். அத்தாஉல்லாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

பிஸ்மி சொல்லி நெருப்பு மூட்டினார். சிரட்டை பற்றியது. புகை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, வழியைக் கண்டுபிடித்து மேலே போனது. நெருப்பு எழும்பி நின்றது. அடியில் நீலம், நடுவில் மஞ்சள், நுனியில் ஒன்றுமில்லை. அத்தாஉல்லா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு குந்தினார். வியர்வை வடிய வடியப் பார்த்தார். வெள்ளைக்காரன் சும்மா பார்ப்பதிலும் ஏதோ விசயம் இருக்கத்தான் செய்கிறது என்று முதன்முறையாக அவருக்குப் பட்டது.

"வெறும் நெருப்பா எரியுது" என்றாள் ஸுலைஹா. "வீண்விரயம் கூடாது எண்டு பள்ளியில ஹஸ்ரத்து பயான்ல சொன்னார். ஒரு சட்டியை வெக்கட்டா?"

"நெருப்ப மறைக்காம வை."

மறைக்காமல் வைத்தாள். ஓரமாக இன்னொன்றும் வைத்தாள். அவர் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்ததால் மூன்றாவது சட்டி எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் செய்த வேலை இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் வேண்டும். பசைக் குச்சியை உருக்கி, ஊசியால் மேலே இழுத்து இழுத்து, நாக்கு நாக்காக உறையவிட்டார். வானிஷில் மஞ்சளும் சிவப்பும் கலந்து நடுவில் மட்டும் தொட்டார், நுனியை வெறுமையாக விட்டார். ஈர்க்கு அளவுச் சுள்ளிகளை அடுக்கி நுனியைக் கருக்கினார். ஓட்டோ ஒன்றின் உடைந்த பின்லைட்டைத் தூளாக்கித் தணலாகப் பரப்பினார். அடியில் வெசாக் விளக்குக் கூட்டுக்குப் போடுகிற மினுங்குகிற பல்ப். கடைசியாக மெல்லிய துணியில் சலித்த சாம்பலை மேலே தூவினார். பல்பைப் பற்றவைத்துவிட்டுப் பொஞ்சாதியைக் கூப்பிட்டார்.

ஸுலைஹா வந்து பார்த்தாள். கையை மெதுவாக நீட்டி அந்தக் குட்டி நெருப்புக்கு முன்னால் பிடித்தாள், சூடு தெரிகிறதா என்று. பிறகுதான் தன் கையைப் பார்த்துச் சிரித்தாள். "மாஷா அல்லாஹ்" என்றாள். அது நடிப்பில்லை. அத்தாஉல்லாவுக்குக் கண் கலங்கியது, குசினியில் புகையே இல்லாதபோதும்.

இசபெல் வந்தாள். பொம்மை வீட்டுக் கதவைத் திறந்தாள். அவர் ஆசைப்பட்ட அந்த ஒரு நிமிசம், பேசாமல் நின்றாள்.

"ஷோக் நானா. நீர்கொழும்பு பாஸ் கிட்டவும் வர ஏலாது."

அத்தாஉல்லா மீசையைத் தடவிக்கொண்டார். இசபெல் குசினிக்குள் போனாள். இரண்டு பெண்களும் புகைக்கூட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரிந்தது. உள்ளே போனார்.

"வேலை முடிஞ்சுது. நாளைக்கு இத உடைச்சுக் கூரைய மூடிருவன்" என்றார் பெரிய மனதோடு.

"உடைங்க" என்றாள் ஸுலைஹா. "இனி காஸ்ல ஆக்கித் தாறன்."

அடுப்பில் பாரை மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தாஉல்லா அந்த வாசத்தை ஒருதரம் உள்ளே இழுத்தார். உடைக்கிற கதையை விட்டுவிட்டு இசபெல் பக்கம் திரும்பினார்.

"அந்த வெள்ளைக்காரருக்கு நல்ல ரசனை. பயர்பிளேஸ் எண்டு கேக்கத் தோணியிருக்கே."

"அவர் எங்க கேட்டார்?" என்றாள் இசபெல். "அவர் ஒரு வீடு எண்டுதான் சொன்னார். பயர்பிளேஸ் வெச்சா நல்லாயிருக்கும், டீவியில பாத்தன் எண்டு ஸுலைஹாதான் சொன்னது. நீங்க ரெண்டாந்தரம் செஞ்ச நெருப்பே எனக்குப் போதும்போலத்தான் இருந்திச்சு. இவதான், பொறுங்க, அவர் இன்னும் நல்லாச் செய்வார் எண்டு சொன்னா."

அத்தாஉல்லா இடுப்பளவு உயர அடுப்பைப் பார்த்தார். மூன்று சட்டியையும் பார்த்தார். ஒழுகாத கூரையைக் கடைசியாகப் பார்த்தார்.

இசபெல் பொம்மை வீட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"சொல்ல மறந்துட்டன் நானா. அடுத்த வீட்டுக்குக் குளிக்கிற அறை ஒண்டும் வேணும். கிணத்தடிக்குப் போற மாதிரி இல்ல. வீட்டுக்குள்ளயே, குழாயில தண்ணி வாற மாதிரி."

அத்தாஉல்லா மெல்லத் திரும்பிப் பொஞ்சாதியைப் பார்த்தார். ஸுலைஹா தலையை நிமிர்த்தவில்லை. ஆணத்தில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பெரிசா ஒண்டு கட்டிப் பாக்காம உங்களுக்கு அது சரியா வராது."