தவளையை விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள், மாமா

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் குட்டியும் நலம். அங்கே நீங்களும் அத்தையின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வீட்டுக் குறைகளை மொத்தமாக நான்தான் வைத்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஸ்டியரிங் மேல் அட்டை வைத்து எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும்.

பழைய கார் வியாபாரத்தில் அவருக்கென்று ஒரு கொள்கை உண்டு. "ஒரு வண்டியை விக்கணும்னா அதோட ஒரு வாரமாவது குடும்பம் நடத்திப் பாக்கணும், அப்பத்தான் குணம் தெரியும்" என்பார். குடும்பம் நடத்துவது நாங்கள் மூன்று பேரும். ஒரு வண்டியின் குணம் எனக்குப் பிடிபடும்போது அது விற்றுப்போய்விடும். போன மாதம் பழைய ஆம்புலன்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். தெருவே திரண்டு வந்துவிட்டது, கீழ்வீட்டு டீச்சர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு "தைரியமா இருங்க" என்கிறார், இவர் அந்தப் பழத்தையே உரித்துச் சாப்பிட்டுக்கொண்டு, "வண்டி நல்ல கண்டிஷன் டீச்சர், யாராவது கேட்டாச் சொல்லுங்க" என்கிறார்.

அதற்கடுத்த வாரம்தான் மானம் போனது. கடைத்தெருவில் காய்கறிப் பையும் குட்டியுமாக வந்து, எங்கள் வெள்ளைக் காரைத் திறந்து, பின்சீட்டில் உட்கார்ந்து, குட்டிக்கு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டேன். அதை முந்தின நாளே பல் டாக்டருக்கு விற்றாயிற்று என்று என்னிடம் யார் சொன்னார்கள்? மாற்றுச் சாவியை என் பையிலிருந்து வாங்கிக் கொடுக்க மறந்தது உங்கள் மகன். டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், "ஏம்மா, வண்டியைத் திருப்பிக் கேக்க வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வீடுவரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் ஏதோ கடகடவென்று சத்தம், மெக்கானிக்குக்கும் புரியவில்லையாம். சீட்டுக்கு அடியில் கைவிட்டுக் குட்டியின் கிலுகிலுப்பையை எடுத்துக் காட்டினேன். டாக்டர் அதை வாங்கி ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுக் குட்டியிடமே கொடுத்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரத்து வண்டி பச்சை நிறம், முழித்த விளக்கு, நான் தவளை என்று கூப்பிடுகிறேன். மாமா, பல் முளைக்க ஆரம்பித்ததிலிருந்து தூங்காத குட்டி தவளையின் பின்சீட்டில் படுத்ததும் தூங்குகிறாள். தொட்டிலில் போட்டால் ஊரைக் கூட்டுகிறாள். அதனால்தான் நான் வாசலில், காருக்குள், இந்த நடுராத்திரி நேரத்தில். "இந்த ஒண்ணையாவது நாமளே வச்சுக்கலாங்க" என்றேன். "வியாபாரி வீட்டு வாசல்ல ஒரே வண்டி நின்னா, விக்கத் தெரியாதவன்னு ஊரு பேசும்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஆள் வருகிறார்களாம். நான் பட்டம் வாங்கியவள், வாதாடியும் பார்த்துவிட்டேன், அழுதும் பார்த்துவிட்டேன். நீங்கள் ஒரு போன் போட்டு, தகப்பன் என்ற முறையில் அதட்டினால்தான் உண்டு. தவளை போனால் என் தூக்கமும் அதோடு போகும்.

அத்தைக்கு என் வணக்கம். குட்டி உங்கள் இருவருக்கும் எச்சில் முத்தம் அனுப்புகிறாள், தூக்கத்திலேயே.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்

பின்குறிப்பு: போன் போட வேண்டாம், மாமா. காலையில் நானும் குட்டியும் காருக்குள் தூங்குவதைப் பார்த்துவிட்டு, உங்கள் மகன் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். நான் கண் விழித்ததும், "சரி, இது நம்ம வண்டி. ஊரு பேசினாப் பேசட்டும்" என்று சாவியை என்னிடமே விட்டுவிட்டுக் கடைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியவர்கள் அவசரப்பட்டு இன்றே வந்துவிட்டார்கள். கணவன், மனைவி, வீறிட்டு அழும் ஒரு கைக்குழந்தை. விற்பதற்கில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தேன், என் கண்ணாடியில் தினமும் பார்க்கும் அதே கண். "குழந்தையைக் கொஞ்சம் பின்சீட்டுல படுக்க வைங்க" என்று சொல்லிவிட்டேன். வண்டியை ஓட்டிப் பார்க்க எடுத்தார்கள், தெருமுனை திரும்புவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. விற்றுவிட்டேன். உங்கள் மகன் கேட்டுவிட்டு, "நாளையிலேர்ந்து நீ கடைக்கு வந்துடு" என்கிறார். வாசலில் இப்போது ஒரு சிவப்பு வேன் நிற்கிறது, குட்டி அதைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தவளையின் மாற்றுச் சாவி என் பையில்தான் இருக்கிறது. கொடுத்துவிடுவேன், அவசரம் ஒன்றும் இல்லை.