அம்மா மிதித்த பிரேக்

படிக்காதவர்களால் நாட்டுக்குப் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. ஒரு பாடத்தை முழுசாகப் படித்துவிட்டு, அதைக் கையால் தொட்டே பார்க்காதவர்கள்தான் ஆபத்து. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, கோலியனூர் வீட்டில் வேலைக்குக் காத்திருந்த நான் அந்த ரகம்.

அப்போது என் அண்ணன் அருளுக்குப் பெண் தேடித் தேடி எல்லோரும் ஓய்ந்திருந்தோம். பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனது. (ஒரு வீட்டில் நாங்கள் பஜ்ஜி தின்று முடிக்கும்வரை காத்திருந்து, "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.) கடைசியாகத் திண்டிவனம் பக்கத்தில் ஸ்டெல்லா என்ற பெண்ணின் வீட்டில் அண்ணனின் போட்டோ பிடித்துப்போய் வரச்சொன்னார்கள். "இதுவும் போச்சுன்னா என்னை விட்டுடுங்க. இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றான் அண்ணன். அம்மா அழுதேவிட்டாள்.

பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், அண்ணன் தன் பழைய காருக்கு பிரேக் ஆயில் மாற்ற ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினான். நான் விடவில்லை.

"நான் மாத்தறேன். இதெல்லாம் எங்க பாடந்தான்."

"உனுக்கு இன்னா தெரியும்?"

"கல்லை அழுத்துனா சுருங்காது. ஆயிலும் சுருங்காது. காத்துதான் சுருங்கும். அதனாலதான் பிரேக்குல ஆயில் வச்சிருக்காங்க. மிதிக்கிற மிதி அப்படியே சக்கரத்துக்குப் போவும். நடுவுல காத்து பூந்துச்சுன்னா அவ்ளோதான், மிதியெல்லாம் காத்தே வாங்கிக்கும்."

அத்தனையும் சரி. ஒரு எழுத்து பிசகில்லை. அதுதான் இன்றுவரை என் வயிற்றெரிச்சல்.

வேலை சுலபம். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருகாணியைத் திறந்து, பழைய ஆயிலை வெளியே விட வேண்டும். திருகாணியை மூடிய பிறகுதான் மிதித்தவர் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால், திறந்த வாய் வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். இவ்வளவையும் போனில் பார்த்து வைத்திருந்த நான், அம்மாவிடம் சொன்னது ஒரே வார்த்தை: "மிதி!"

அம்மா டெய்லர். வாழ்நாள் முழுக்கத் தையல் மிஷினை மிதித்த கால் அது. மிதி என்றால் அந்தக் காலுக்கு ஒன்றுதான் தெரியும். கீழே நான் திருகாணியைத் திறந்துவைத்துக்கொண்டு படுத்திருக்க, மேலே அம்மா பெடலை விடாமல் மிதித்து மிதித்து ஒரு பாவாடைக்கே ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். "சூப்பர்ம்மா, நிறுத்தாத!" என்று உற்சாகப்படுத்தியது சாட்சாத் நானேதான்.

மறுநாள் மாப்பிள்ளையின் சட்டை கசங்கக் கூடாது என்று நானே வண்டியை ஓட்டினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பெடல் பஞ்சுமூட்டை மாதிரி உள்ளே அமுங்கியது. திரும்பத் திரும்ப மிதித்ததும் வண்டி ஒருவழியாக நின்றது.

"இன்னாடி, வண்டி நிக்காம போய்க்கினே கீது?" என்றான் அண்ணன்.

"புது ஆயில் இல்ல? மெத்துனுதான் இருக்கும்."

உள்ளே காற்று பூந்துவிட்டது என்று புத்திக்குத் தெரிந்துவிட்டது. வாய்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஸ்டெல்லாவின் வீட்டு வாசலில் தெருவை அடைத்து மல்லாட்டை (எங்கள் பக்கம் வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வோம்) காயப்போட்டிருந்தார்கள். காய்ந்ததைச் சுவரோரமாகக் குவித்திருந்தார்கள். குவியலுக்குப் பக்கத்தில் பெண்ணின் அப்பா, வெள்ளை வேட்டியில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். மிதித்தேன். பெடல் தரையோடு படுத்துக்கொண்டது. "மாதாவே!" என்று அலறினாள் அம்மா. அண்ணன் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தான். சக்கரம் நின்றது, ஆனால் வண்டி மல்லாட்டை மேல் வழுக்கிக்கொண்டே போனது. பெண்ணின் அப்பா கூப்பிய கையோடு வாசற்படியில் தாவி ஏறினார். குவியலுக்குள் முகத்தைப் புதைத்து, அதற்குப் பின்னால் இருந்த சுவரில் இடித்து நின்றோம். சுவர் அசையவில்லை. சுருங்கியது பம்பரும் நானும்தான்.

"வண்டியை யாருப்பா ரிப்பேர் பண்ணது?" என்றார் பெண்ணின் அப்பா.

"என் தங்கச்சிங்க" என்றான் அண்ணன். "பிசிக்ஸ் படிச்சிருக்கா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சது போதும்மா. எறங்கி வந்து பொறுக்கு."

பொறுக்கினோம். நொறுங்கியது தனியாக, முழுசு தனியாக. இஸ்திரி போட்ட சட்டையோடு அண்ணனும் தெருவில் குந்தியிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஒரே அண்ணன், அவன் வாழ்க்கையைக் கொண்டுபோய்ச் சுவரில் இடித்துவிட்டேனே என்று மூக்கைச் சிந்திச் சிந்திப் பொறுக்கினேன். அந்த மல்லாட்டைக் குவியலிலேயே என்னையும் புதைத்துவிட மாட்டார்களா என்றிருந்தது.

ஸ்டெல்லா பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு, முறத்தோடு வந்து அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள். மற்ற வீடுகளில் பெண்ணும் பிள்ளையும் பேச அரை நிமிஷம் கிடைத்தால் அதிகம். அதுவும் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். இங்கே வேலை முடிகிற வழியாக இல்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது அண்ணன் எதற்கோ சத்தமாகச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. பொறுக்கி முடிந்துவிட்டது என்று அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

"இன்னும் கெடக்குதுங்க. மெதுவாவே பொறுக்குங்க" என்றாள் ஸ்டெல்லா.

இப்போது அவர் எங்கள் அண்ணி. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் இந்தக் கதையைத்தான் பரிமாறுவார். நான் விழுப்புரத்தில் அறிவியல் டீச்சர். அண்ணன் மகள் என் வகுப்பிலேயே படிக்கிறாள். போன பரீட்சையில், 'வாயுக்களை அழுத்தினால் சுருங்கும் என்பதற்கு அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருக' என்று கேட்டிருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் சைக்கிள் பம்பு என்று எழுதியிருந்தார்கள். அவள் எழுதியிருந்தாள்: 'எங்கள் அத்தை ஆயில் மாற்றிய கார் பிரேக்.'

சிவப்புப் பேனாவை எடுத்தேன். என்ன செய்ய, விடை சரி. முழு மதிப்பெண் போட்டேன்.