தெஹிவளை விலை

வாசகரே, எங்கள் பக்கத்தில் ஓர் இனம் உண்டு. கொழும்பில் பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்டுக் கல்முனைக்குக் குடிவரும். சாமான்களெல்லாம் ஒரே லொறியில் வந்து இறங்கிவிடும், மனசு மட்டும் கொழும்புத் தெஹிவளையில் நின்று இன்னும் விலை கேட்டுக்கொண்டிருக்கும்.

ஜெமீல் இந்த இனத்தில் முதல் தரம். பிளேன்டீ குடித்தால், "கொழும்பில இது ரெண்டு மடங்கு", முடி வெட்டினால், "அங்க எண்டா ஆயிரம்", மீன்காரன் பாரைக்குட்டியைத் தூக்கிக் காட்டினால், "அட, தெஹிவளையில இதுட தலைக்கே இந்தக் காசு காணாது!" என்று கடற்கரைக்கே கேட்கச் சொல்வார். மறுநாள் மீன் விலை ஏறியிருக்கும். ஏறாமல்? அதைக் கொடுத்து வாங்குபவள் மனைவி றாஹிலா. முதலில் சிரித்தாள். பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மீன்காரனுக்குக் கண்ணைக் காட்டினாள். இப்போது அவரைச் சந்தைக்கே விடுவதில்லை.

ஆனால் காணி வாங்க ஆம்பிளையை விட்டுவிட்டுப் போக முடியுமா? மகள் அஸ்பியாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. இந்தப் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். இவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவு அப்துல் ஹமீட் ஹாஜியாருடையது, பத்துப் பேர்ச்சஸ் அளவு நிலம். அதை அவர் விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, மகள் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டுமென்று றாஹிலா தொழுகைக்குத் தொழுகை துஆக் கேட்டாள்.

ஹாஜியாரின் வாசலில் வைத்தே சொன்னாள்: "இஞ்சாருங்க, கொழும்பு எண்ட பேரே எடுக்கப்படாது. விளங்கிச்சா?"

"ஓம் புள்ள, ஓம். நான் என்ன சின்னப் புள்ளயா?"

ஹாஜியார் பேர்ச்சஸுக்கு ஐந்து இலட்சம் என்றார். நான்கரைக்குக் கேட்க றாஹிலா வாயைத் திறந்தாள். ஜெமீல் தேத்தண்ணியை விழுங்கினார், பிஸ்கட்டைக் கடித்தார், காற்றாடியைப் பார்த்தார், மனுசன் படாத பாடு பட்டார். முடியவில்லை.

"ஐஞ்சா! தெஹிவளையில அம்பது குடுத்தாலும் கிடைக்காது ஹாஜியார். இது சும்மா தாற மாதிரி!"

ஹாஜியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பிடியா தம்பி? எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே. மூத்த மகன்ட்ட ஒரு சொல் கேட்டுட்டுச் சொல்றன்."

மறுநாள் விலை ஏழு. இவர்கள் கையில் இருந்ததற்கு ஏழு பேர்ச்சஸ்தான் வந்தது. மிச்சம் மூன்றில் எவரோ கடை போடப்போகிறார்கள். அஸ்பியாவின் வீட்டுக்கு முற்றமே இல்லாமல் போயிற்று. றாஹிலா நான்கு நாள் அவரோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் ஜெமீல் ஆறுதல் சொல்ல வந்தார்.

"என்னத்துக்குப் புள்ள முகத்தத் தூக்கி வெச்சிருக்காய்? தெஹிவளையில ஏழு பேர்ச்சஸ்ல மூணு மாடி கட்டுவாங்க!"

சிரிக்கிறீர்களா, வாசகரே? ஐந்து இலட்சம் என்று ஹாஜியார் சொன்ன இடத்தில், "எங்கட ஊரில என்ன விலை?" என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டீர்களே, நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? மகளுக்குக் காணி பார்க்கும் நாளில் தயவுசெய்து வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.