நொதியத்தை நான் பட்டினி போட்ட விதம்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு முன்.

அறிவில் தன் உம்மாவைப் போலவும் பிடிவாதத்தில் என்னைப் போலவும் பிறந்த அருமை மருமகள் ஷாஹினாவுக்கு, உன் தாய்மாமன் அச்சிமுகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் அந்தக் குளிர் தேசத்தில் நீயும், உன் ஆய்வுகூடமும், அதற்குள் நீ வளர்த்துவரும் உயிர்க்கலங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் என் பெருங்குடலின் உட்புறத்தை நீ படமாகவே பார்த்துவிட்ட பிறகு அந்த வசனத்துக்கு என்ன மரியாதை இருக்கிறது?

அந்தப் படத்தை உனக்கு மட்டும் அனுப்பச் சொல்லித்தான் உன் மாமி றபீக்காவிடம் கொடுத்தேன். அவள் அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். மருதமுனையில் இருக்கும் நம் சொந்தக்காரி உம்மு அதை யாரோ பிள்ளைத்தாய்ச்சியின் ஸ்கேன் என்று நினைத்து, "மாஷா அல்லாஹ், மூக்கு அப்படியே வாப்பாட மூக்கு" என்று பதில் போட, அதற்குக் கீழே எல்லாரும் வரிசையாகப் பூப் போட்டுவிட்டார்கள். குடலில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று சொல்லப்பட்ட அன்று உலகத்தில் வேறு எவனுக்கும் இத்தனை வாழ்த்துக் கிடைத்திருக்காது. இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நீ என்னைக் கதைக்க விடுவதில்லை. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. உன்னோடு படிக்கிற மர்ஷூதா லீவு முடிந்து திரும்பும்போது இதைக் கொண்டுவந்து தருவாள்.

அன்றைக்கு நீ போனில் விளக்கியது எனக்கு நன்றாகவே விளங்கியது, பிரச்சினையே அதுதான். கலத்துக்குள் நொதியம் என்று ஒன்று வேலை பார்க்கிறது, சாப்பாட்டிலிருந்து வருவதை ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்றுவது அதன் தொழில் என்றாய். நீ ஆராய்கிற நொதியம் எல்லார் உடம்பிலும் இருப்பதுதான், ஆனால் சில குடல் கட்டிகளில் அது அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிடுகிறது, சீனியை முழுதாக எரியவிடாமல் அரைவழியில் திருப்பி, தயிரில் இருக்கிற அதே புளிப்பாக்கிக் கட்டியைச் சுற்றிக் கொட்டுகிறது, அந்தப் புளிப்பில் பக்கத்துச் சதை இளகி, காவல் காக்கிற கலங்களும் சோர்ந்துபோக, கட்டி அடுத்த இடத்துக்கு வழி பிடிக்கிறது என்றாய். "மாமா, இதெல்லாம் இன்னும் எலியிலயும் கண்ணாடித் தட்டிலயும்தான். உங்களுக்கு வைத்தியம் ஒப்பரேசன்தான்" என்றும் சொன்னாய். முதல் பாதி காதில் ஏறிய வேகத்தில் இரண்டாம் பாதிக்கு உள்ளே இடமில்லாமல் போய்விட்டது. நீயே யோசித்துப் பார். மஸ்கட்டும் தொதலும் என்று இனிப்புக் கிண்டி விற்றுக் குடும்பம் நடத்திய மனிதன் நான். பாகு பதம் பார்க்கிறேன் என்று தினமும் நக்கிய சீனியெல்லாம் எங்கே போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. அந்த நொதியத்தைப் பட்டினி போட்டே கொல்வது என்று முடிவெடுத்துவிட்டேன்.

முதலில் சீனியை நிறுத்தினேன். பிறகு சோறும் உள்ளே போய்ச் சீனியாகிறது என்று எங்கோ கேட்டதால் சோற்றையும் நிறுத்தினேன். புளிப்புக்கும் பகை என்பதால், சம்மாந்துறைச் சம்பந்தி அன்போடு அனுப்பிய எருமைத் தயிரைச் சட்டியோடு தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். சவர்க்காரத் தூள் பைக்கற்றில் "சக்திமிக்க நொதியங்கள் அடங்கியது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டேன். எதிரி நம் வீட்டுக் குளியலறைக்குள்ளேயே பகிரங்கமாகப் பெயர்ப்பலகை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே! அதை வெளியே எறிந்தபோது உன் மாமி ஊறப்போட்ட என் சாரன் துணியோடு வாசலில் வந்து நின்றாள். "இஞ்சாருங்க, நோய் உங்கட குடல்லயா, இந்தச் சாரன்லயா?" என்று கேட்டாள். விஞ்ஞானம் தெரியாதவளோடு வாதாடுவதில்லை என்று நான் பாமசிக்குப் போய்விட்டேன்.

பாமசியில், என்னைத் தன் அண்ணன்போல் காக்கா என்று கூப்பிடுகிற பாண்டிருப்புப் பிள்ளை துசாந்தினி இருந்தாள். "மகள், நொதியத்துக்கு ஏதும் குளிசை இருக்கா?" என்று கேட்டேன். "ஓம் காக்கா, இருக்கு. சாப்பிட்ட உடன ஒண்டு போடுங்க" என்று ஒரு அட்டையை எடுத்துத் தந்தாள். இவ்வளவு சுலபமான மருந்தை வைத்துக்கொண்டா என் மருமகள் அந்தக் குளிரில் கிடந்து பாடுபடுகிறாள் என்று உன்மேல் எனக்குப் பரிதாபமே வந்தது. அந்தக் குளிசைகளைப் பக்தியோடு விழுங்கி முடித்து, இன்னொரு அட்டை வாங்கப் போனபோதுதான், "இது நொதியத்தக் கொல்லுற மருந்துதானே மகள்?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. "ஐயோ காக்கா, இது நொதியம் குறைஞ்ச ஆக்களுக்குக் குடுக்கிறது. செமிபாட்டுக்கு. இதுக்குள்ள இருக்கிறதே நொதியந்தான்" என்றாள். சாப்பாட்டையே நிறுத்திவிட்ட வயிற்றுக்குச் செமிபாட்டு மருந்து! நான் பட்டினி போட்ட எதிரிக்கு நானே ஆள் சேர்த்து அனுப்பியிருக்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். அது வேறு நொதியம், இது வேறு நொதியம், உடம்புக்குள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்று அந்தப் பிள்ளை எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை வைத்தவர்களைத்தான் நான் குறை சொல்வேன்.

மறுகா நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கலியாணத்துக்கு மஸ்கட் பேச ஒரு பெண்வீட்டார் கடைக்கு வந்தார்கள். சோறு காணாத தலை கிறுகிறுக்க, அடுப்பில் பாகுத் தாச்சி கொதிக்க, நான் அவர்களுக்குச் சீனியைப் பற்றிப் பயான் பண்ணத் தொடங்கிவிட்டேன். "இந்தத் தாச்சிக்குள்ள இருக்கிறது இனிப்பு இல்ல, வாப்பா, தீனி! கட்டிக்குத் தீனி!" என்று நான் கத்த, மாப்பிள்ளைக்கு ஏதோ கட்டி இருக்கிறதாக்கும் என்று பெண்ணின் உம்மா நெஞ்சில் கைவைத்தார். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. தாச்சிக்குள் விழாமல் பக்கத்தில் இருந்த மாவு மூட்டையில் விழுந்தேனாம். கண் விழித்தபோது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. என்னை ஒப்பரேசன் செய்ய இருந்த டொக்டர் நல்லரெத்தினம் கட்டில் ஓரத்தில் நின்றார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. "காக்கா, நீங்க சாப்பிடாட்டியும் கட்டி சாப்பிடும். உங்கட ஈரலும் தசையும் கரைஞ்சு அதுக்குச் சீனி குடுக்கும். இவ்வளவு நாளும் பட்டினி கிடந்தது நீங்க மட்டுந்தான்" என்றார்.

"அப்ப தயிர், டொக்டர்?"

"நீங்க தின்ற தயிர் வேற, கட்டி தன்னைச் சுத்திச் செய்யிற புளிப்பு வேற. தயிரத் தின்னுங்க, சோத்தத் தின்னுங்க. உடம்பத் தேத்திக்கிட்டு வாங்க, நான் வெட்டி எடுக்கிறன். ஆனா சுணங்காதீங்க."

அவர் நல்ல மனிதர். ஆனால் போகும்போது, குடலை வெட்டித் தைத்த இடம் ஆறும்வரை மலம் வந்து சேர வயிற்றில் ஒரு பை கட்ட வேண்டி வரலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஷாஹினா, உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குக் கத்தி பயமில்லை. அந்தப் பைதான் பயம். பள்ளிவாசலில் முதல் வரிசை ஸஃப்பில் நின்று தொழுதவன், பக்கத்தில் நிற்பவர் விலகி நிற்பாரோ என்று நினைத்துக்கொண்டு எப்படித் தரையில் தலைவைத்து ஸுஜூது செய்வேன்? மார்க்கத்தில் அதற்கு இலகு இருக்கிறது என்று மௌலவி சொன்னார். மார்க்கத்தில் இருக்கிறது, என் மனதில் இல்லையே.

ஆகவே தீர்மானமாக எழுதுகிறேன். நான் ஒப்பரேசனுக்குப் போகமாட்டேன். அந்த நொதியத்துக்குப் பூட்டுப் போடுகிற மருந்தை நீ கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருக்கப்போகிறேன். உன்னை அவசரப்படுத்தவில்லை, நோன்புப் பெருநாளுக்குள் முடித்தால் போதும். எலிகளை நான் விசாரித்ததாகச் சொல். இதில் இனி யாரும் என் மனதை மாற்ற முடியாது.

உன் கல்வியிலும் ஆயுளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. உன்னோடு வேலை செய்கிற பிற தேசத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும், பெயர் தெரியாவிட்டாலும், இந்த மாமாவின் சலாம்.

இப்படிக்கு, முடிவில் உறுதியான
உன் மாமா அச்சிமுகம்மது.

பி.கு.: மேலே ஒப்பரேசனுக்குப் போகமாட்டேன் என்று எழுதிய வரிகளை வெட்டிவிடு. என்னையே வெட்டியாகிவிட்டது. ஜும்ஆ முடிந்து வந்து, கடிதத்தை உன் மாமிக்கு உரத்து வாசித்துக் காட்டினேன், என் உறுதியை அவளும் அறியட்டும் என்று. முழுவதையும் கேட்டுவிட்டு, "ஷாஹினாட மருந்து வரும்வரைக்கும் அந்தக் கட்டி உங்களப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்குமாமா?" என்று மட்டும் கேட்டாள். அவள் ஹபாயாவைப் போட்டுக்கொண்டு போய் ஓட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "எங்க கா போறாய்?" என்றேன். "ஆசுபத்திரிக்கு. நீங்க வராட்டி உங்கட கட்டில்ல நான் ஏறிப் படுக்கிறன். டொக்டர் என்னத்தையாவது வெட்டட்டும்" என்றாள். சொன்னால் செய்கிறவள். அவளை அடக்கத்தான் பின்னால் ஓடினேன், ஆசுபத்திரிக்காரர்கள் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

இதை ஆசுபத்திரி வாட்டில் இருந்து எழுதுகிறேன். பையும் கட்டித்தான் இருக்கிறது. நேற்றுக் கட்டிலில் இருந்தபடியே தொழுதேன். முடிவில் ஸலாம் கொடுக்கத் திரும்பினால், பக்கத்துக் கட்டில்காரர் தன் சாரனை உயர்த்தித் தன் பையை எனக்குக் காட்டிச் சிரித்தார். பாலமுனை மீன்காரர், என்னைவிடப் பெரிய பை. கட்டி பரவியிருக்கிறதா என்ற முடிவு இன்னும் வரவில்லை. நடக்கச் சொல்கிறார்கள், வாட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓயாமல் நடக்கிறேன். வெட்டி எடுத்ததில் ஒரு துண்டை ஐஸ் பெட்டியில் வைத்து மருமகளுக்கு அனுப்புங்கள் என்று டொக்டரிடம் கேட்டுப் பார்த்தேன், முடியாதாம். அதற்குள் உன் நொதியம் எவ்வளவு இருக்கிறது என்றாவது சொல்லுங்கள் என்றேன். அதை அளக்கிற வசதி இங்கே இல்லை என்றார். மகள், நீ மருந்தை ஆறுதலாகக் கண்டுபிடி. அளக்கிறதை மட்டும் சீக்கிரம் படித்துக்கொண்டு ஊருக்கு வா. இந்த வாட்டில் கட்டில் ஒன்றும் காலியாக இல்லை.